பதின்மூன்றாவது அடி

ஒரு பாட்டின் சுற்றில் எத்தனை அடி என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தலையாட்டிக் கேட்டதைச் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணியதைக் கேட்கிறேன்.

அம்புறோஸ் எண்ணிக்கொண்டிருக்கிறார். கூசேன்வில்லிலிருந்து பாரிசுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில், ஜன்னலோரம், காதில் கருவி, மடியில் வலது கை. கட்டைவிரல் சுட்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு ஏறி, அடுத்த விரலுக்குத் தாவி, சுண்டுவிரலின் மேல்கணுவில் வந்து நிற்கிறது. நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆகப் பன்னிரண்டு. எதிரே இருக்கும் பெண் அவர் செபம் சொல்வதாக நினைத்துத் தன் தொலைபேசிச் சத்தத்தைக் குறைக்கிறாள். பன்னிரண்டு முடிந்தும் பாட்டில் ஓர் அடி மிஞ்சுகிறது. கட்டைவிரல் போக இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. அம்புறோஸ் முகத்தைச் சுளித்து மறுபடியும் முதலிலிருந்து போடுகிறார். இது ஆறாவது முறை.

வயது ஐம்பத்தெட்டு. மன்னார்க்காரர். ருவாசி விமான நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பெட்டி ஏற்றுகிறார். காலைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடுதான் பின்னேரக் கூட்டத்துக்கும் வருவார். தோளில் ஒரு குளிர்ப்பை தொங்கும். கடைகளில் மீன் வாங்கப் போகிறவர்கள் கொண்டுபோவார்களே, அது. உள்ளே மீன் இல்லை. வெயில் பட்டால் இசைத்தட்டு நெளிந்துவிடும்.

கூட்டம் நடப்பது ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் வடக்கு முனையில், ஒரு கஃபேயின் பின்னறையில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணிக்குப் புரோகிரெசிவ் ராக் ரசிகர்கள் ஒன்பது பேர் கூடுவார்கள். ராக் இசையிலேயே வீம்பு பிடித்த வகை அது. மூன்று நிமிடம் அதற்குப் போதாது, இருபது வேண்டும். நாலுக்கு நாலு என்று காலைத் தட்டிக் கேட்க விடாது; ஏழில் தொடங்கி, பதினொன்றுக்குத் தாவி, நடுவில் ஒன்பதில் ஓய்வெடுக்கும். எது தலைசிறந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். எது இந்த வகையில் சேரும் என்பதில்தான் அங்கே நாற்காலிகள் பின்னுக்கு நகரும். பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் அது வெறும் பாட்டு என்பார் தலைவர் எமில், ஓய்வுபெற்ற தபால்காரர். கேட்பவருக்குக் கணக்குத் தப்பினால் போதும், அதுதான் புரோக் என்பாள் மெத்ரோ ரயில் ஓட்டும் வனேசா. சண்டை முற்றியதும் எல்லோரும் அம்புறோஸின் வலது கையைப் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலால் தட்டி மூன்றாவது சுற்றிலேயே தொலைந்துபோவார்கள். அம்புறோஸின் கட்டைவிரல் தொலைந்ததில்லை. நான்கு சுற்று எண்ணாமல் அவர் வாய் திறப்பதுமில்லை. பதினான்கு ஆண்டுகளாக அந்த அறையில் அவர் சொன்ன எண்தான் சட்டம்.

சங்கத்துக்கு இந்த ஆண்டு இருபது வயது. அதற்கு ஒரு சிறு நூல் அச்சாகிறது. தலைசிறந்த பன்னிரண்டு படைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், அடியில் முன்மொழிந்தவரின் பெயர். பதினொன்று முடிவாகி ஓர் இடம் மிச்சமிருந்தது. இதுவரை பிறர் தட்டுகளை எண்ணிக் கொடுத்த அம்புறோஸ் முதல் தடவையாகத் தன்னுடையதை எடுத்து வைத்தார். 'உப்பளம்' என்ற பெயரில் கொழும்புப் பெடியள் நாலு பேர் எழுபத்தொன்பதில் போட்ட ஒலிநாடா. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிடம், ஏழடி. நூலில் அதற்கான பக்கத்தை விமான நிலைய ஓய்வறையில் உட்கார்ந்து பிரெஞ்சில் பதினொரு தடவை திருத்தி எழுதியிருந்தார். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த நாட்டில் அவர் பெயர் அச்சானது சம்பளச் சீட்டில் மட்டும்.

எமில் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு அம்புறோஸின் தோளைத் தட்டி, மிக அழகு, ஆனால் இது உலக இசை என்றார். அவர்கள் கொண்டாடும் தட்டுகள் வந்த லண்டன் எந்த உலகத்தில் இருக்கிறது என்று அறையில் யாரும் கேட்கவில்லை.

அன்றே அம்புறோஸ் தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவுக்குப் போனார். வாமதேவனின் பலசரக்குக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, அதே நாடாவைப் போட்டார். வாமதேவன் வெந்தயம் நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"உது எங்கட கூத்து மெட்டெல்லோ. உதுக்கு ஏன் கித்தாரைப் போட்டுக் கெடுத்தவங்கள்?"

"இது ராக் அண்ணை."

"ஆர் சொன்னது? வெள்ளைக்காரன் ஓம் எண்டாத்தான் உனக்கு அது பாட்டோ?"

"அவங்களும் ஓம் எண்டு சொல்லேல்லை. அங்கை போனா உங்கட பாட்டு எண்டுறாங்கள். இஞ்சை வந்தா நீங்களும் எங்கட பாட்டு எண்டுறியள். அப்ப இதை ராக் எண்டு ஆர்தான் சொல்லுறது?"

வாமதேவன் தராசிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அதை ஏன் என்னட்டைக் கேக்கிறாய், அம்புறோஸ்? வெந்தயம் வேணுமெண்டா எடு" என்றார்.

அம்புறோஸ் வெந்தயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருக்குக் கோபமில்லை. குழப்பம். பெட்டி ஏற்றும்போதும் குழப்பம். ஒருவேளை இரண்டு பக்கமும் சரியோ என்று பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே பிழையோ என்றும் பார்த்தார். எதுவும் கணுவில் நிற்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். நம் பட்டியலில் முதலாவதாக இருக்கும் ஆங்கிலேயத் தட்டில் அவர்கள் தேவாலயத்து ஓர்கன் இருக்கிறது, கிராமத்து ஆட்ட மெட்டும் இருக்கிறது. அவர்கள் ஊர்ச் சரக்கு ராக் ஆகும், எங்கள் ஊர்ச் சரக்கு ஆகாது என்றால் அந்தக் கோட்டை எந்த இடத்தில் போட்டீர்கள்? எமில் கோப்பைக் கரண்டியை எடுத்து வைத்தார். நியாயமான கேள்விக்கு அதிகாரம் எப்போதும் கரண்டியைத்தான் நகர்த்தும்.

வனேசாதான் பேசினாள். நல்ல கேள்வி, நாலு வருடத்துக்கு முன் மொக்ரானும் இதே இடத்தில் நின்று இதையேதான் கேட்டார் என்றாள். மொக்ரான் அல்ஜீரிய மலைநாட்டுக்காரர். பக்கத்துத் தெருவில் ரொட்டி சுட்டவர். தன் ஊர்ப் பையன்கள் போட்ட தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கிராமத்து ஆட்டப் பாட்டு என்றார்கள். எண்ணிப் பாருங்கள் என்று அவர் மன்றாடினார். "அன்றைக்கு எண்ணியது நீங்கள்தான், அம்புறோஸ்" என்றாள் வனேசா. "பன்னிரண்டு, சாதாரணத் தாளம் என்றீர்கள்." மொக்ரான் தட்டைக்கூட எடுக்காமல் போனார். பிறகு வரவில்லை.

அம்புறோஸுக்கு எண்ணிய கை நினைவிருந்தது. பாட்டு நினைவில்லை. வனேசா அலமாரியிலிருந்து அந்தத் தட்டை எடுத்து, அதை அவர் தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்தாள்.

அதைத்தான் இன்று ரயிலில் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஏழாவது முறையும் ஓர் அடி மிஞ்சுகிறது. பதின்மூன்று. எப்படித் தவறினேன் என்று அவர் குழம்புகிறார். நன்றாக எண்ணத் தெரிந்த மனிதர். கார் து நோர் நிலையத்தில் இறங்கும்போதுதான் பிடிபடுகிறது. ஆங்கிலேயத் தட்டுக்கு நான்கு சுற்று எண்ணுகிறவர் மொக்ரானின் தட்டுக்கு ஒரு சுற்றுத்தான் எண்ணினார். ஆட்டப் பாட்டு என்று எல்லோரும் சொன்னார்கள், பன்னிரண்டில் கணு முடிந்தது, கையை மடக்கிவிட்டார். காது கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எமில் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று படியேறும் வரை தேடுகிறார். கிடைக்கவில்லை.

பின்னறையில் எல்லோரும் எழுந்து கை தட்டுகிறார்கள். எமில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவிக்கிறார்: உங்கள் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை, ஆகவே பன்னிரண்டாவது இடம் 'உப்பளத்'துக்கு. வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. பக்கத்தைக் கொடுங்கள்.

அம்புறோஸ் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுக்கிறார். நீட்டவில்லை. தொலைபேசியை மேசையில் வைத்து மொக்ரானின் பாட்டைப் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி கையை விரிக்கிறார். அவர் எண்ணுவது எப்போதும் தமிழில்தான். "பதினொண்டு, பன்ரண்டு," என்று சுண்டுவிரலின் மேல்கணு வரை வந்து, அதற்கும் மேலே, நகத்தின் நுனியில் கட்டைவிரலை வைத்து, "பதின்மூண்டு" என்கிறார். நான்கு சுற்று. யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பிறகு பிரெஞ்சில், நான் பிழையாக எண்ணினேன், இந்த இடம் அன்றே மொக்ரானுக்குப் போயிருக்க வேண்டியது என்கிறார். மொக்ரானின் கடையில் இப்போது தொலைபேசி உறை விற்கிறார்கள், ஆள் எங்கே என்று யாருக்குத் தெரியும் என்கிறார் எமில். அவர் வந்து தன் பக்கத்தைத் தானே எழுத வேண்டும் என்கிறார் அம்புறோஸ். அப்போது உங்கள் 'உப்பளம்' ராக் இல்லையா என்று எமில் கேட்கிறார். தெரியாது என்கிறார் அம்புறோஸ். உண்மையிலேயே தெரியவில்லை. அச்சகத்தை இரண்டு வாரம் பொறுக்கச் சொல்ல ஒப்புக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மொக்ரானுக்கு அறுபது வயதிருக்கும். இடது புருவத்தில் ஒரு தழும்பு. பேசும்போது மேசையில் விரலால் மாவு பிசைவார். உங்கள் தெருவில் ரொட்டி சுடுகிறவர் அவராக இருக்கலாம். காலை ரயிலில் உங்களுக்குப் பக்கத்தில் தூங்கி வழிகிறவராகவும் இருக்கலாம். அந்தப் பின்னறையில் கதவோரத்து நாற்காலியின் மேல் அம்புறோஸ் தன் குளிர்ப்பையை வைத்திருக்கிறார். யாராவது அதை நகர்த்தி உட்காரப் போனால் கையை நீட்டித் தடுக்கிறார். கட்டைவிரல் இன்னும் சுண்டுவிரலின் நுனியில் இருக்கிறது. மொக்ரானைக் கண்டால், வரும் கூட்டம் மூன்று மணிக்கு என்று சொல்லிவிடுங்கள்.