ஒரு சேலையில் இரண்டு கை

இப்போது வரும் கொலைப் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. எடுத்த எடுப்பில் ரத்தத்தைக் காட்டிவிடுகிறார்கள். அப்புறம், யார் அதிகம் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறானோ அவன்தான் கடைசியில் கொலைகாரன். டிவி தொடர்களும் அப்படித்தான். பேச வராதவன் எல்லாம் கத்தியை ஒளித்து வைத்திருப்பான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? நானும் பேச வராதவன்தான். அதனாலேயே ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு முதலாளி வீட்டில் பட்டு நெய்துகொண்டிருந்தேன். கூடத்தில் டிவி இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் என் தறி. வியாழக்கிழமை சாயங்காலம் துப்பறியும் தொடர் ஒன்று வரும். தெருப் பெண்கள் எல்லாம் கூடத்தில் கூடிவிடுவார்கள். அவர்கள் நடுவில் போய் உட்கார எனக்குக் கூச்சம். நெய்தபடியே காதால் கேட்பேன். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், யாரோ மூச்சு வாங்குவது. பாதி வசனம் தறிச் சத்தத்தில் போய்விடும். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். கொன்றவன் யாரென்று சொல்லாமல் முடித்துவிட்டால் அடுத்த வியாழன் வரை எனக்கு எதிலும் மனசு நிற்காது.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணச் சேலையை முடித்துக் கொடுத்தேன். முதலாளி அதை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பிடித்தார்.

"இன்னாபா இது? இங்க லூசா கீது, இங்க அட்ட மாதிரி கீது. ரெண்டு கை நெய்ஞ்சிகீது. யார உக்கார வெச்ச?"

சேலை முழுக்க ஊடை நூலை ஒரே கை ஒரே மாதிரி அடித்து இறுக்க வேண்டும். முதலாளியைக் கேட்காமல் வேறு ஆளைத் தறியில் உட்காரவைத்தால் அன்றோடு தறி போய்விடும்.

"யாருமில்லீங்க" என்றேன். அதற்குமேல் வரவில்லை. தரையைப் பார்த்தேன்.

"பாரு, திருட்டு முழி. டிவில வரவன் மாதிரியே நிக்கறான்."

பக்கத்துத் தறிக்காரர் எனக்காகப் பேசினார். "கட்டுன பொண்டாட்டிய பக்கத்துல உக்கார வெக்கவே வெக்கப்படுவான் முதலாளி. இவனா ஆள் வெப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "இந்தப் பாவு முடியட்டும். அப்பால தறிய வேற ஆளுக்கு உட்டுடறேன்."

தறியில் ஏற்றியிருந்த அந்தப் பாவு நூலில் இன்னும் ஒரு சேலைதான் பாக்கி. அதன்பின் எங்கே போவது? தறி தறியாகப் போய் வேலை கேட்க எனக்கு வாய் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். நெய்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன். சீராக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஒரு பட்டை இறுகிக் கிடக்கும். அங்கே என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை. எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

முதலாளியின் மனைவிதான் கண்டுபிடித்தார். "எந்த ஆளும் இல்ல. நாடகத்துல எவனாவது தொரத்துனா இந்தப் பக்கம் சொவரே அதிருது. வியாழக்கெழம வந்து நின்னு பாருங்க."

அந்த வியாழக்கிழமை தொடர் ஆரம்பித்ததும் முதலாளி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் பார்க்கிறார் என்றதும் என் கை விறைத்துப்போனது. அடி ஒன்றுபோல விழுந்தது.

"ஒண்ணும் இல்லியே" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

அப்போது தொடரில் ஒரு பெண் தனியாகப் படியிறங்கினாள். பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம். முதலாளி மெல்ல நகர்ந்து கூடத்துக் கதவில் சாய்ந்துகொண்டார். அவள் ஓடினாள். அவர் நிற்பதே எனக்கு மறந்துபோனது.

விளம்பரம் வந்ததும் திரும்பி வந்து துணியைத் தடவினார். புதிதாக ஒரு பட்டை, விரல் அகலத்துக்கு இறுகியிருந்தது. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

"பேஜார் புடிச்ச ஆளுபா நீ. சரி, தறி உன்னுதுதான். ஆனா அது ஓடற நேரத்துல இதுல உக்காராத. உள்ள போயி ஒழுங்கா பாரு."

தறி பிழைத்தது. அடுத்த வியாழக்கிழமை கூடத்தின் மூலையில், அத்தனை பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நிமிர்ந்து படத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தள்ளும் சத்தம் வந்ததும் என் கால், தறியின் மிதிகட்டையை மிதிப்பதுபோல், வெறும் தரையை மிதித்தது.

முதலாளியின் மனைவி திரும்பிப் பார்த்தார். "மெதுவா நெய்யிப்பா, தரையில பள்ளம் உழுந்துடப்போவுது" என்றார்.