நடக்கச் சொன்ன டாக்டரும் நான் சொன்ன பொய்யும்

என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க நின்றபடி துணி வெட்டியவர், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், இரண்டு காலும் வீங்கி, கம்பெனி மாடிப்படியின் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதயம் பெருத்துப் பலவீனமாகிவிட்டது என்றார்கள். உள்ளூரில் பார்த்த வயதான டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, படுக்கையை விட்டு எழவே கூடாது என்றார். நானும் எழவிடவில்லை. தண்ணீர்கூட நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் தொடைகள் என் கைப் பருமனுக்கு இளைத்துவிட்டன.

பயந்துபோய் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே பார்த்த டாக்டரம்மா, "இனி இவரு நடக்கணும்" என்றார்.

"நடந்தா இருதயம் இன்னும் கெட்டுப் போயிராதுங்களா?"

"காலை அசைக்காமக் கெடந்தா ரத்தக்குழாய் விரிஞ்சு கொடுக்காதும்மா. இறுகின குழாயில ரத்தத்தத் தள்ளறதுக்கு இதயம்தான் பாடுபடணும். நடந்தா குழாய் இளகும், இதயத்துக்குப் பாரம் குறையும். பேசிக்கிட்டே நடக்கிற வேகம் போதும். பேச்சு திணறினா நின்னுடணும். தினமும் எடை பாருங்க. திடீர்னு ஏறினா உடம்புல நீர் சேருதுன்னு அர்த்தம், உடனே வாங்க."

எங்கள் சந்தில் இருந்த வேஸ்ட் துணிக் குடோன் தராசில்தான் தினமும் ஏறி நிற்பார். பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் ஐந்து நிமிட நடை. நான் ஒட்டியே போவேன். மூச்சு திணறுகிறதா என்று பார்க்க எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"ஏம்புள்ள, உன்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் எனக்கு மூச்சு வாங்குது" என்பார்.

ஐந்து நிமிடம் பதினைந்தானது. இரண்டாவது மாதம் ஒரு காலையில், பேசிக்கொண்டே வந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். முகம் வெளுத்து, வேர்த்து, மண்ணிலேயே உட்கார்ந்தார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத இன்றும் கை வரவில்லை. தானாகவே தெளிந்து எழுந்து வீட்டுக்கு வந்தார்.

எஸ்டிடி பூத்துக்கு ஓடி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நிதானமாக எல்லாம் விசாரித்தார். "மாத்திரை போட்ட உடனே நடந்ததால பிரஷர் எறங்கியிருக்கும். இப்பவே அங்க உள்ளூர் டாக்டர்கிட்டக் காட்டுங்க. சரியா இருந்தா ரெண்டு நாள் விட்டு, மெதுவா ஆரம்பிங்க" என்றார்.

காட்டினோம், பிரஷர் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரிடம் நான், "இனி நடக்கவே வேண்டாமுன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். முதல் வாரம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மூன்றாவது வாரம் பாத்ரூம் போய் வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சும் குறைந்துபோனது. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே, "டாக்டரே கையை விரிச்சிட்டாங்கல்ல. எனக்கு எத்தன நாளுன்னு உங்கிட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

என் பயத்தை மறைக்க நான் சொன்ன ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, மூன்று வாரமாகச் சாவை நினைத்துக் கிடந்திருக்கிறார்.

"அவங்க நிறுத்தச் சொல்லலீங்க. நாந்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்தார். அப்புறம், "நாளைக்குக் காத்தால எழுப்பிவிடு" என்றார்.

மறுபடியும் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கினோம். அடுத்த வருஷம் முக்காலி போட்டு உட்கார்ந்து, அரைநாள் துணி வெட்டப் போகிற அளவுக்குத் தேறினார். இதயம் முழுசாகச் சரியாகவில்லை, ஆகாது என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். போகப்போக, "நீ வந்தா பயத்தையும் கூட்டிட்டு வர்ற" என்று தனியாகவே நடக்கப் போனார். பத்து நிமிடம் தாமதமானாலும், ஷிப்டுக்குப் போகும் சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே அவர் சட்டையைத் தேடிக்கொண்டு சந்து முனையில் நிற்பேன்.