வேன் வாசலுக்கு வர வேண்டும்

கல்யாணத்துக்கு வேன் விடுகிற தொழிலில் வண்டி ஓடுவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம். எங்கே நிற்க வேண்டும், யார் வீட்டு முன்னால் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதில்தான் சொந்தபந்தமே தொங்கிக்கொண்டிருக்கிறது. உங்களில் யாராவது ஒரு விசேஷத்துக்குப் பொறுப்பேற்று வேன் பிடித்தவர்களாக இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்தே அழுவோம்.

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு வேன்களும் ஒரு பெரிய பஸ்ஸும் இருக்கின்றன. வீட்டுக்காரர் சவுதியில் சம்பாதித்து வாங்கிப் போட்டவை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வண்டிகளும் டிரைவர்களும் கோபித்துக்கொள்கிற மாமன்மார்களும் இங்கே என் தலையில். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஊரில் எனக்கு வேன்காரி என்றுதான் பெயர்.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. அப்பா இல்லாத பெண்ணைச் சர்ச்சில் கைபிடித்து முன்னால் இருக்கிற ஆல்டர் வரை கூட்டிப்போக அவளுடைய தாய்மாமன் வருவாரா, மாட்டாரா என்பது அன்றைக்கு என் வேனை நம்பி நின்றது. அதற்கு முன்னால் இரண்டு சின்னச் சங்கதிகள்.

முன் சீட்டு

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் யார் உட்காருவது என்று முடிவாகாமல் எந்தக் கல்யாண வேனும் கிளம்பாது. பெரியப்பா உட்கார்ந்தால் மாமாவின் முகம் தொங்கும். மாமா உட்கார்ந்தால் பெரியப்பாவுக்குத் திடீரென்று வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து இறங்கிப் போய்விடுவார். பூதப்பாண்டியில் ஒருமுறை இரண்டு பெரியவர்கள் ஒரே கதவைப் பிடித்துக்கொண்டு, நீங்க இரியுங்க, இல்ல நீங்க இரியுங்க என்று உபசரித்துக்கொண்டே நின்றார்கள். வாய்தான் உபசரித்தது, கை கதவை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியம்மை, தனக்குச் சத்தி வரும் என்று சொன்னாள். வாந்தியை எங்கள் பக்கம் சத்தி என்போம். சத்தி என்று சொல்லிவிட்டால் எந்தப் பெரியப்பாவும் எதிர்ப்பேச்சுப் பேச முடியாது. அவளை முன்னால் ஏற்றி வண்டியைக் கிளப்பினோம். சுசீந்திரம் தாண்டியதும் பெரியம்மை மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்துவிட்டாள். சத்தி நின்றுவிட்டதா என்று எங்கள் டிரைவர் தாசையன் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்:

"எனக்கு எங்க மக்கா சத்தி வந்து? முன்ன இருந்து ரோட்டப் பாத்துட்டுப் போவணும்னு ஒரு ஆசை, அம்புட்டுதான்."

நிழலோடு நகர்ந்த வேன்

தாசையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சீட்டில் ஏறி உட்கார்ந்தால் இறங்க மாட்டான். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் ஹாரன், டீ வேண்டுமென்றால் ஹாரன். வாயால் பேசுவதைவிட அதில்தான் நிறையப் பேசுவான். இந்தப் பழக்கத்துக்காக நான் அவனைத் திட்டாத நாளில்லை.

ஒருமுறை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர்கள் சிதறால் மலைக்கு வேன் எடுத்தார்கள். அதில் லில்லி டீச்சருக்கு முட்டு வலி, ஏற முடியாது. மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். டீச்சர் வேனிலேயே இருந்தார், இவனும் வழக்கம்போல் சீட்டிலேயே இருந்தான். வெயில் டீச்சரின் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் வண்டியை ஸ்டார்ட் செய்து, மரத்து நிழலைத் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருக்கிறான். ஒவ்வொரு இடத்திலும் பாறை அவர் ஜன்னலுக்கு நேராகத் தெரிகிறதா என்று வேறு கேட்டிருக்கிறான். இறங்கி வந்தவர்கள் போனில் எடுத்த படங்களைக் காட்டினார்கள். டீச்சர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"நீங்க மலைக்க மேல நின்னுதான பாத்தியோ? எனக்கு இவன் மலையச் சுத்திக் காட்டியாச்சு."

ஹாரன் செய்த வேலை

இனி அந்தக் கல்யாணம். கமலபாய் அக்கா எங்களுக்குப் பக்கத்து ஊர். புருஷன் இறந்தபிறகு தையல் தைத்து, மகள் ஷைனியை நர்சிங் படிக்க வைத்தாள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவர் ஜெயசிங் அண்ணன் ஒருத்தர்தான். ஷைனிக்கு நிச்சயமானபோது சொந்தக்காரர்களை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போனது எங்கள் பெரிய பஸ். அண்ணன் வீடு ஒரு முடுக்குக்குள் இருக்கிறது. முடுக்கு என்றால் எதிரே ஸ்கூட்டர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. பஸ் அதற்குள் போகாது. தாசையன் ரோட்டில் நிறுத்தி ஹாரன் அடித்தான். அண்ணன் வரவில்லை. மறுபடி அடித்தான். யாராவது இறங்கிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். அண்ணன் வராமலா இருப்பான் என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள், அக்காவே இறங்கவில்லையே என்று மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நேரமாகிறது என்று பஸ் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு வண்டி வாசலுக்கு வந்தால்தான் அழைத்ததாக அர்த்தம். கார்டு கொடுப்பதெல்லாம் தகவல் சொல்வதுபோலத்தான். "ஆட்டை விளிக்கது மாதிரி ஹாரன் அடிச்சா நான் ஓடி வரணுமா?" என்று அண்ணன் பேசியது அக்கா காதுக்கு வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணக் கார்டு வேறொருத்தர் கையில் போனது. அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார், வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வண்டி சொல்ல வந்த அக்கா, எத்தனை சீட்டு என்பதையெல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்து போகாமல் இருந்தாள்.

"நான் போயி அவன் கால்ல விழ மாட்டேன் கேட்டியா. ஆனா ஏட்டி, ஷைனி யாரு கையப் பிடிச்சிட்டு நடப்பா? அத மட்டும் சொல்லு."

ஹாரன் அடித்தது என் பஸ். அன்றிலிருந்துதான் தூக்கம் போனது.

ரிவர்ஸ்

கல்யாணத்தன்று பெரிய பஸ்ஸோடு சின்ன வேன் ஒன்றையும் நானாகவே சேர்த்துக்கொண்டேன். தாசையனிடம் ஹாரனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவைத்தேன். அக்காவைக் கெஞ்சி அந்த வேனில் ஏற்றினேன். முன் சீட்டு அண்ணனுக்கு என்று காலியாக விட்டிருந்ததால், அவள் கடைசிச் சீட்டில் போய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஷைனி வெள்ளைச் சேலையும் தலையில் நெட்டு முக்காடுமாக மெயின் ரோட்டில் காரில் காத்திருந்தாள்.

முடுக்குக் கடைசியில் வண்டி திருப்ப இடம் கிடையாது. கல்யாணத்துக்கு வாசலிலிருந்து புறப்படுகிற வண்டி பின்பக்கமாகப் போகக்கூடாது என்பது தாசையனின் கொள்கை. ஆகவே போகும்போது ரிவர்ஸில் போய், வரும்போது நேராக வர வேண்டும். அந்த வேனில் ரிவர்ஸ் போட்டால் ஒரு கிறிஸ்மஸ் மெட்டு பாடும். ஆவணி மாதத்தில், காலை வெயிலில், கிறிஸ்மஸ் மெட்டோடு வேன் பின்னால் போனது. நான் அதன் முதுகில் தட்டிக்கொண்டே வரட்டும் வரட்டும் என்று நடந்தேன். வழியில் இருந்தவர்கள் கொடியில் காய்ந்த துணியை எடுத்தார்கள், பைக்கை உள்ளே ஏற்றினார்கள், ஒருத்தர் கோழிக்கூட்டையே தூக்கிக்கொண்டு போனார். எங்கே போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. முடுக்குக்கே தெரிந்த சங்கதிதான்.

அண்ணன் வீட்டை நெருங்கும்போது ஒரு பக்கம் கரண்ட் கம்பம், மறுபக்கம் அவருடைய புதுச் சுவர். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? நான் பாட்டுக்கு வரட்டும் என்றேன். தாசையன் என்னை நம்பி வந்துவிட்டான். சுவரில் இடிக்க நாலு விரல் இருக்கும்போது, "ஏலே தாசையா, வலத்த ஒடி, வலத்த ஒடி" என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தால் ஜெயசிங் அண்ணன். கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. விடிந்ததிலிருந்து இப்படியே உடுத்திக்கொண்டு நாற்காலியில் இருக்கிறார் என்று பின்னால் நின்ற அவர் மனைவி எனக்குச் சைகை காட்டினாள். அவர் என்னை ஒதுக்கிவிட்டு, தானே வேனின் முதுகில் தட்டி, வரட்டும் வரட்டும் என்று கூப்பிட்டுக்கொண்டுபோய்த் தன் வாசலில் சரியாக நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. தங்கச்சி வீட்டு வண்டியை வாசலுக்கு அழைத்து வந்தது அவர்தான்.

பாட்டு நின்றது. நான் முன் கதவைத் திறந்து பிடித்தேன். அண்ணன் ஏறவில்லை, உள்ளே எட்டிப் பார்த்தார். அக்கா கடைசிச் சீட்டில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் அவளிடம் ஒன்றும் பேசவில்லை, தாசையனைப் பார்த்துத்தான் சொன்னார்:

"கமலத்த முன்ன கொண்டு இருத்துல. சின்னப் பிள்ளையிலயே அவளுக்குப் பின்னால இருந்தா சத்தி வரும்."

ஆல்டர் வரை

அக்காவை அண்ணன்தான் கைபிடித்து இறக்கி முன்னால் ஏற்றினார். கடைசிச் சீட்டில் கோட்டைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். சர்ச்சில் ஷைனி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது நான் கடைசி வரிசையில் நின்று நன்றாக அழுதேன். வாசலுக்கு வெளியே தாசையன் சீட்டைவிட்டு இறங்கி நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படி இறங்கி நின்று நான் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து திரும்பும்போது கமலபாய் அக்கா எல்லோருக்கும் முன்னால் வேனுக்கு வந்து முன் கதவைத் திறந்தாள். பின்னாலேயே வந்த அண்ணன் கதவில் கைவைத்தார்.

"வரச்ச சத்தி வந்துன்னு நீ இருந்த, சரி. போவச்ச தாய்மாமனுக்கு."

இப்போதெல்லாம் யாராவது வேன் கேட்டுப் போன் செய்தால், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், யார் கோபத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.