மூச்சு, அப்பா

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வருவதற்கு மனிதர்கள் யாரும் தேவைப்படவில்லை. பற்பசை மூடி போதும். அது கைநழுவிக் குளியலறைத் தரையில் உருண்டு ஓட்டைக்குள் விழுந்துவிட்டால், பற்பசையைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையே அன்று காலை எங்கள் வீட்டில் விசாரணைக்கு வந்துவிடும். விரியாத குடை, வேலை செய்யாத ரிமோட், பாதியில் மாட்டிக்கொள்ளும் ஜிப் என்று அவருடைய எதிரிகள் எல்லோருமே உயிரில்லாதவர்கள். மனிதர்களிடம் அவர் தங்கமானவர். என்னிடம் இன்னும் ஒரு படி மேல். என்னைப் பார்த்து அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மனிதர்களும் எதிரிகளாகிவிடுவார்கள். அது சாலை. அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, வழியெல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு, செரண்டா வழியாக ராவாங்கில் இருக்கும் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்தச் சாலையில் லோரிகளும் மோட்டார் சைக்கிள்களும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த பயிற்சியில் அவர் பேசக் கற்றுக்கொண்ட வார்த்தைகளை நான் பெரியவளான பிறகுதான் வேறு இடங்களில் கேட்டேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையின் தொடக்கத்தில், பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க அப்பா டாக்டரிடம் உடம்பைக் காட்டப் போனார். போனவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறதாம். இந்த நிலையில் கையெழுத்துப் போட முடியாது, மாத்திரை சாப்பிடுங்கள், கோபத்தைக் குறையுங்கள், லைசென்ஸ் முடிய இன்னும் நாள் இருக்கிறது, விடுமுறை முடிவதற்குள் திரும்பி வாருங்கள், அப்போதும் இறங்கவில்லையென்றால் பஸ்ஸை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அந்த மெசினு சரியில்லலா. கைய அப்படிப் போட்டு நெரிச்சா யாருக்குத்தான் பிரஸ்ஸர் ஏறாது?" என்று அப்பா அந்த இயந்திரத்தின் மேல் கோபப்பட்டார்.

அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். எஸ்டேட்டில் பிறந்து, லோரியில் கிளீனராக ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்த நாளிலிருந்து அதை விடாத மனிதர். அந்தப் பஸ்ஸை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கழுவித் துடைக்கும் அழகைப் பார்த்தால் அது எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அம்மா நேராகப் போய்த் தொலைபேசியை எடுத்து அத்தையை அழைத்தார்.

அத்தை அப்பாவின் அக்கா. பத்தாங் பெர்ஜுந்தாயில் இருந்தார். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் அத்தை அதற்குச் சம்மதம் தரவில்லை. கோயில் மண்டபத்தில் நடக்கும் யோகா வகுப்பில் அவர்தான் முதல் வரிசை. வீட்டுக்குப் பின்னால் வல்லாரை, பூனைமீசை, செம்பருத்தி, முருங்கை என்று ஒரு மருந்துக்கடையே வளர்த்து வைத்திருந்தார். மறுநாளே பிளாஸ்டிக் பைகள் நிறைய இலைதழைகளோடும், சுருட்டிய பாயோடும் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மனதை அமைதியாக வைத்துக்கொள்வது பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அதை மெதுவான குரலில் சொல்வது எப்படி என்பதுதான் அவருக்குத் தெரியாது.

"அமைதியா இருடா! மனச லேசா வுடு! வுடுன்னா வுடணும்லா, புடிச்சிக்கிட்டே இருந்தா எப்படி?" என்று அத்தை கூடத்தில் போட்ட அதட்டலில் எதிர்வீட்டுச் சீனர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாயில் மல்லாந்து கிடந்த அப்பாவோ சவாசனத்தில் அத்தை எதிர்பார்த்ததைவிடப் பல படி முன்னேறி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மண்டி போட்டு வஜ்ராசனத்தில் உட்கார வைத்தால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். சிரிப்பை அடக்கியதில் எனக்கு வயிறு வலித்தது. அம்மா அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டார்.

ஆசனங்கள் அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. ஆனால் மூச்சுப் பயிற்சி ஏனோ அவருக்குப் பிடித்துவிட்டது. மெதுவாக இழுக்க வேண்டும், அதைவிட மெதுவாக விட வேண்டும். பிறகு காதைப் பொத்திக்கொண்டு, உதடு பிரியாமல், வண்டு மாதிரி ம்ம்ம் என்று ஓசை எழுப்ப வேண்டும். அப்பாவுக்கு இயல்பிலேயே டீசல் குரல். அவர் ம்ம்ம் என்றால் கண்ணாடி அலமாரியில் கிண்ணங்கள் அதிரும். அத்தை முதல் முறையாகத் தம்பியைப் பாராட்டினார். பூனைமீசைத் தேத்தண்ணீரை ஒரு நாளைக்கு ஒரு கோப்பை மட்டும் குடிக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் மாத்திரையையும் விட்டுவிடாதே என்று அதே உரத்த குரலில் எச்சரித்துவிட்டு ஊர் திரும்பினார்.

வீட்டில் மூச்சு விடலாம், சாலையில் யார் ஞாபகப்படுத்துவது? அம்மா என்னைக் கூப்பிட்டு, லீவு முடியும்வரை நீ பஸ்ஸில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போ, கோபம் வருகிற மாதிரி தெரிந்தால் மூச்சு என்று சொல், அவ்வளவுதான் உன் வேலை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் வகுப்புத் தலைவி பதவியையே எனக்குக் கொடுக்காத உலகம் அப்பாவின் ரத்த அழுத்தத்தை என்னிடம் ஒப்படைத்திருந்தது.

முதல் நாள் செரண்டா தாண்டுவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. அப்பாவின் காது மடல் சிவப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். வாய் திறந்தது.

"மூச்சு, அப்பா!"

வாய் திறந்தபடியே நின்றது. மேலே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சொல்ல வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் மூச்சை இழுத்தார். வெளியே விட்டபோது அது பெருமூச்சாகத்தான் வந்தது. பரவாயில்லை என்று மன்னித்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாட்களில் பஸ்ஸில் இருந்த பெண்களுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. வாசல் பக்கத்து இருக்கையில் வரும் அக்கா ஒருத்தி, "ஏன் பாப்பா, ஒங்கப்பாவுக்கு மட்டுந்தான் டென்சனா? எங்க சூப்பர்வைசரு மூஞ்சியப் பாத்தா எங்களுக்கும் ஏறுதுலா, எங்களுக்கும் சொல்லிக் குடு" என்றாள். நான் சொல்லிக் கொடுத்தேன். அத்தையின் குரலிலேயே சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மலாய்க்கார அக்காவும் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ம்ம்ம் என்பதற்கு மொழி தேவையில்லையே. அப்பாவின் காது சிவக்கும்போதெல்லாம் எனக்கு முன்பாக அவள் முந்திக்கொண்டு, "பாங், சாபார் லா!" என்று, அண்ணே பொறுமை என்பதை மலாயில் சொல்லிக் குரல் கொடுப்பாள். என் பதவிக்குப் போட்டி வந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு நாள் மழை. லோரி ஒன்று பழுதாகி நின்று, சாலை முழுக்க ஜாம். பஸ் நகரவே இல்லை. பெண்களுக்கு வேலைக்குப் பிந்திவிடுமே என்று கவலை, அப்பாவுக்கு அதைவிடக் கவலை. காது இரண்டும் சிவந்துகொண்டு வந்தன. நான் எழுந்து நின்று, எல்லாரும் காதைப் பொத்துங்கள் என்று உத்தரவு போட்டேன். பொத்தினார்கள். அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆரம்பித்து வைக்க, பின்னால் கடைசி வரிசைவரை ம்ம்ம் என்று கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. பக்கத்தில் நின்றிருந்த வேறொரு லோரிக்காரர் திடுக்கிட்டு எங்கள் பஸ்ஸின் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, "அண்ணே, கியர்பாக்ஸ் போச்சு போல! ஓரங்கட்டுங்க!" என்று கத்தினார். ம்ம்ம் உடைந்து சிரிப்பாகிவிட்டது. அப்பா ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சாலையில் அப்பா சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கிளினிக்குக்குத் திரும்பிப் போகும் நாள் வந்தது. அம்மாவுக்கு அன்று வேறு வேலை இருந்ததால் அப்பாவுடன் நான்தான் போனேன். அன்று காலை அப்பா யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். ஒரு கோப்பை பூனைமீசை நல்லது என்றால் ஒரு கூஜா இன்னும் எவ்வளவு நல்லது என்று அவர் மனம் கணக்குப் போட்டிருக்கிறது. டீசல் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புவதுதானே அவர் வழக்கம். அப்படியே நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். பூனைமீசை குடித்தால் சிறுநீர் நன்றாகப் பிரியும் என்பது அத்தைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குக் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

எந்த நேரமும் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் எழுந்து போகவும் இல்லை. கால்மேல் கால் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். காது சிவந்திருந்தது. நான் கடமை தவறாமல் மூச்சு என்றேன்.

"இப்ப மூச்சு விட்டா வேற ஏதாச்சும் வந்துரும் பாப்பா, சும்மா இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

தாதி வந்து கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். போன முறையைவிட அதிகமாம். அப்பா அந்த இயந்திரத்தைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சட்டைக் கையை மெதுவாக இறக்கி விட்டுக்கொண்டே, "பஸ்ஸு போச்சு பாப்பா" என்றார். சத்தமே இல்லை. அப்பா கோபப்பட்டால் எனக்குப் பயமே வந்ததில்லை. அன்று அவர் கோபப்படாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் பயந்துவிட்டேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகையோடு கிளினிக் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"அப்பாவுக்கு ஒண்ணுக்கு வருது! ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு இருக்காரு!"

தாதி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே கழிவறைக் கதவைக் காட்டினாள். அடக்கிக்கொண்டிருந்தால் எண் ஏறத்தான் செய்யும், போய்விட்டு வந்து கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருங்கள், மறுபடி பார்ப்போம் என்றாள். அப்பா போன வேகத்தில் எந்த மோட்டார் சைக்கிளும் அவரைக் குறுக்கே வெட்டியிருக்க முடியாது.

திரும்பி வந்தவர் முகத்தில் சவாசனத்தில்கூடக் காணாத அமைதி. பக்கத்தில் உட்கார்ந்து நான் மூச்சு என்று மெதுவாகச் சொன்னேன். இழுத்தார், விட்டார். வண்டுச் சத்தத்தை மட்டும் பக்கத்திலிருந்தவர்களுக்காகக் குறைத்துக்கொண்டார். இரண்டாம் முறை எண் இறங்கியிருந்தது. டாக்டர் கூஜா விஷயத்தை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். மாத்திரையை நிறுத்தக்கூடாது, மூச்சுப் பயிற்சியை விடக்கூடாது, கூஜாவை மட்டும் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வரும் வழியில் அப்பா எனக்கு ஐஸைத் துருவிப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். எல்லாம் தன் இலைகளின் மகிமை என்று அத்தை தொலைபேசியில் முழங்கினார். தங்கள் ம்ம்ம்தான் காரணம் என்று வாசல் பக்கத்து அக்கா சொன்னாள். அம்மா மாத்திரைப் பெட்டியைப் பார்த்தார். நான் சின்னப் பிள்ளை, அதனால் எனக்குத்தான் உண்மை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பிழைத்தது என்னால்.

பள்ளி திறந்தது. அப்பா தினமும் கிளம்புமுன் வாசலில் நாற்காலி போட்டுத் தானாகவே மூச்சு இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பற்பசை மூடிகள் நிம்மதியாக உருண்டன. அடுத்த விடுமுறை நெருங்கியபோது ஒரு மாலை அவர் என் பக்கத்தில் வந்து நின்று, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "லீவு எப்ப பாப்பா? பஸ்ஸுல மூச்சு ஞாபகப்படுத்த ஆளே இல்லலா" என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஓடிப்போய் அம்மாவிடம், அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது, மறுபடி கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஆமா, மறந்துதான் போச்சு. நீயே போய்ச் சொல்லிக் குடு" என்றார்.

விடுமுறையின் முதல் நாளே என் பழைய இருக்கையில் போய் உட்கார்ந்தேன். செரண்டா சிக்னல் விளக்கருகே ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் தோள் மெதுவாக ஏறி இறங்கிவிட்டது. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மூச்சு என்றேன். அவர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, முழுதாக இன்னொரு மூச்சு இழுத்து விட்டார். பாவம், நான் மட்டும் இல்லையென்றால் இந்த மனிதர் என்ன செய்வார் என்று கவலைப்பட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.