நெரீனா மிதித்த சேறு

நெரீனாவின் பேச்சு வந்தாலே எனக்கு என் மேல்தான் குமட்டும்.

இத்தாலியக் கடற்கரை ஊரான கோரோவில், கடலடியில் மட்டிச் சிப்பி வளர்க்கும் எங்கள் கூட்டத்தில் அவளுக்கு அறுபது வயது. புருஷன் செத்தபின் படகு, மட்டிப் பாத்தி எல்லாம் அவளே பார்த்தாள். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். அவள் வாயில் விழுந்தவன் தப்பியதில்லை.

போன நவம்பரில் 'போ' என்ற எங்கள் நதியின் வெள்ளம் கடலுக்குள் கொட்டியது. நாலு நாள் தண்ணீர் காப்பி நிறம். ஐந்தாம் நாள் பச்சையாகிவிட்டது.

"தெளிஞ்சிருச்சு, தப்பிச்சோம்!" என்றான் எங்கள் சங்கத் தலைவன் எர்மெஸ். எல்லோரும் கை தட்டினோம். நானுந்தான், இந்தத் துயிலியோ.

நெரீனா மட்டும் மார்பு வரை ஏறும் ரப்பர் காலணியோடு தன் பாத்தியில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். காலை ஊன்றியதும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னத்தடா தெளிஞ்சுது? வந்த மண்ணெல்லாம் எங்க போச்சு? உப்புத்தண்ணி பட்டதும் பால் மாதிரி திரிஞ்சு கீழ படிஞ்சு கெடக்கு. கணுக்காலுக்கு மேல கூழுடா! ரெண்டு நாள் விட்டா மட்டி மூச்சு முட்டிச் செத்துரும். வாரி எடுத்து வெளி மணல்மேட்டுல போடுங்க!"

"அது சேறில்லக்கா, உன் கால் ஆணி" என்றேன். எர்மெஸுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

நீளக் கம்பில் பல் வைத்த இரும்புக் கூடையால் அவள் இரண்டு நாள் தனியாக வாரினாள். நாங்கள் மதுக்கடை வாசலில் கிண்ணத்தோடு நின்றோம். "நெரீனாக்கா, கடலப் பெருக்கிக் கோலம் போடப்போறியா?" என்று கத்தியவனும் நான்தான். தூ!

மூன்றாம் நாள் என் கூடையை இறக்கித் தூக்கினேன். சளி மாதிரி சாம்பல் கூழ் வழிந்தது. உள்ளே மட்டியெல்லாம் வாய் பிளந்து, சதை கறுத்துக் கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம். படகோரம் குனிந்து வாந்தி எடுத்தேன். இரண்டு வருஷ வளர்ப்பு, ஒன்றுகூட உயிரோடு இல்லை.

"ஆத்தோட குத்தம், நாம என்ன செய்ய?" என்றான் பக்கத்துப் படகில் எர்மெஸ். அவன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வாரிய பாத்தி பிழைத்துவிட்ட நெரீனா, தன் படகை என் படகோடு ஒட்டி நிறுத்தினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செத்ததை அப்படியே விட்டால் மற்ற பாத்திகளும் கெடும் என்று, தன் கூடையை இறக்கி என் அழுகலை வாரத் தொடங்கினாள். நான் சட்டைக்கையால் மூக்கை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"கைய எடுடா துயிலியோ" என்றாள். "நீ வளத்ததுதானே, நல்லா மோந்து பாரு."

எடுத்தேன்.