எல்லோருக்கும் ஒரே சைக்கிள்

சித்ராதேவிக்கு வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போனது ஆடி மாதத்தில். முதலில் காலையில் மட்டும் இருந்தது. கம்பெனிக்கு வந்து கையை உதறினால் சரியாகிவிடும். ஆவணி பிறந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்த இரண்டு விரல்களும் யாருடைய விரல்களோ போலக் கிடந்தன.

அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பதினாறு வருடம். மங்கலம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் அளவு பார்க்கும் வேலை. தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, டேப் வைத்து, மார்பு, தோள், கை நீளம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பீஸ் தனியே போகும். டேப்பின் ஒரு முனையை அவள் அந்த இரண்டு விரல்களால்தான் அழுத்திப் பிடிப்பாள். விரலுக்கு உணர்வு இல்லாதபோது முனை நழுவும். நழுவினால் அளவு தப்பும்.

தப்பியது. ஒரு பெட்டியில் நாற்பது பீஸ், கை நீளம் குறைவாகப் போய்ப் பேக்கிங்கில் மாட்டியது. தளத்தின் மேலாளர் சசிகுமார் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து அவள் மேசையில் கவிழ்த்தார். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க சித்ரா, வயசாயிருச்சுங்களா? கண்ணு தெரியலீங்களா?”

“கண்ணு நல்லாத்தான் தெரியுது சார். கை மரத்துப் போகுது.”

“கை மரத்துப் போனா அளவு பாக்கற வேலை எப்பிடிங்க பாக்க முடியும்? நாளைலிருந்து பிசிறு வெட்டப் போயிருங்க.”

அவர் குரல் ஒருபோதும் உயராது. வார்த்தைக்கு வார்த்தை மரியாதை இருக்கும். அந்த மரியாதைதான் அவளுக்கு நெஞ்சில் எரிந்தது. முப்பத்தெட்டு வயதில் வயதாகிவிட்டதாம். மறுநாள் கத்தரியோடு நூல் பிசிறு வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். 

டாக்டரிடம் போனாள். அவர் அவள் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவர் ராமர், “தையக் கம்பெனியில இருக்கவங்களுக்கு இது வாரதுதான்” என்றார். அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். வருவதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்களே, எங்கிருந்து வருகிறது என்று ஒருவராவது கேட்டார்களா?

விடை ஒரு விபத்தில் கிடைத்தது. புரட்டாசியில் ஒரு மழை நாளில் அவள் சைக்கிளின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்துவிட்டது. ஐந்து நாள் பஸ்ஸில் போனாள். நான்காம் நாள் கத்தரியைப் பிடித்தபோது அதன் குளிர்ச்சி சுண்டுவிரலில் தெரிந்தது. ஆறாம் நாள் சைக்கிள் திரும்பி வந்தது. அடுத்த இரண்டு நாளில் விரல்கள் மறுபடி செத்துப் போயின.

அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தோல் சிவந்து காய்த்திருந்தது.

அந்தச் சைக்கிள் கம்பெனி கொடுத்தது. அந்த வருட மகளிர் தினத்தன்று முந்நூறு பெண்களுக்கு முந்நூறு சைக்கிள், வரிசையாக நிறுத்திப் படம் பிடித்துக் கொடுத்தார்கள். உயரமான சட்டம், நேரான ஹேண்டில்பார், எல்லாம் ஒரே அளவு. அருள்புரத்தில் இருக்கும் அவளுடைய லைன் வீட்டிலிருந்து கம்பெனிக்கு எட்டு கிலோமீட்டர். போக எட்டு, வர எட்டு.

அன்றைக்கு வேலை முடிந்ததும் நேராகப் பல்லடம் சாலையில் இருந்த மயில்சாமியின் சைக்கிள் கடைக்குப் போனாள். அவர் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“புது வண்டிங்க அம்மிணி. ஒரு குத்தமும் இல்லீங்க.”

“வண்டியில குத்தம் இல்லைன்னா, இதுல வந்தா மட்டும் எனக்கு ஏன் ரெண்டு விரலு மரத்துப் போகுது? நான் ஏறி உக்காருதேன். நீங்க பிடிச்சுக்கிட்டு நல்லாப் பாருங்கண்ணே.”

அவர் பின்சக்கரத்தைக் கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் தலையைச் சாய்த்து அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தார். பிறகு சீட்டின் முனையைத் தட்டினார்.

“இது மூக்கு கீழ பாத்துட்டு இருக்குதுங்க. நீங்க முன்னால வழுக்கறீங்க. வழுக்காம இருக்கறதுக்குக் கையை ஊனறீங்க. ஹேண்டில்பார் தூரத்துல வேற இருக்குது. உடம்புக் கனத்துல பாதி உள்ளங்கைல நின்னு நரம்பை அமுக்குதுங்க.”

அவள் இறங்கிப் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். விரல் நுனி பாரைத் தொட வேண்டும் என்று அவர் சொன்னபடி, சீட்டின் முனையில் முழங்கையை வைத்துக் கையை நீட்டினாள். நடுவிரல் நுனியிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஐந்தங்குலம் மிச்சம் இருந்தது. அளந்த எண்ணை அவள் உரக்கச் சொன்னாள். அந்த ஐந்தங்குலத்துக்காகவா அறுபது பேர் முன்னால் அவமானப்பட்டோம் என்று நினைத்து, டேப்பைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

மயில்சாமி சீட்டை நீர்மட்டம் பார்த்ததுபோல் சமமாக்கி முன்னால் தள்ளினார். சட்டம் உயரமென்பதால் சீட்டு ஓரளவுக்கு மேல் இறங்கவில்லை. அதனால் ஹேண்டில்பாரின் தண்டை உயர்த்தினார். நேரான பாரைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய லேடீஸ் சைக்கிளில் இருந்து எடுத்த, பின்பக்கமாக வளைந்து வரும் பாரை மாட்டினார். கல்லைப் போல் இருந்த டயரிலிருந்து கொஞ்சம் காற்றை இறக்கினார்.

“இப்ப முதுகு நிமுந்து வருங்க. மணிக்கட்டை மடக்காதீங்க, முழங்கையைக் கொஞ்சம் தளர்த்தி வெச்சுக்கங்க. கையை ஒரே எடத்துல வெக்காம மாத்தி மாத்திப் புடிங்க. ஒரு மாசத்துல தெரியும்.”

மூன்றாவது வாரத்திலேயே தெரிந்தது. மோதிர விரல் முதலில் திரும்பி வந்தது.

ஆனால் சசிகுமார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அந்த வளைந்த பாரைப் பார்த்துவிட்டார். அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அடுத்த வாரம் வெளிநாட்டுல இருந்து, நம்ம சரக்கு வாங்கற பையர் வர்றாங்க. சைக்கிளை எல்லாம் வரிசையா நிறுத்திக் காட்டணும். பழைய பாரை மாட்டிருங்க. கம்பெனி குடுத்ததை இப்பிடி மாத்தக் கூடாதுங்க.”

“மாட்ட மாட்டேன் சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கயோ இருக்கவன் போடுத பனியனுக்கு ஏழு சைசு தைக்கோம். கால் இஞ்ச் கூடுனா தூக்கி எறியுதீங்க. அதை அளந்து குடுக்க வாரவளுக்கு மட்டும் ஒரே சைசு. நான் நாலடி பத்து. எனக்கும் ஆறடி இருக்கவளுக்கும் ஒரே வண்டி. கை மரத்துப் போகுதுன்னு சொன்னேன். ஏன்னு கேட்டீங்களா? வயசாயிருச்சான்னு கேட்டீங்க.” சைக்கிள் நிறுத்துமிடம் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். “பையர் வரட்டும். இந்த வண்டி ஏன் இப்படி இருக்குன்னு அவர் கேட்டா நானே சொல்லுதேன்.”

பையர் வந்த அன்று அவள் சைக்கிளை யாரோ கொதிகலன் அறைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் மறைத்திருந்தார்கள்.

அதே வாரம் அளவு மேசையில் இரண்டு பேர் வரவில்லை, சரக்கு குவிந்துவிட்டது. சசிகுமார் ஆளனுப்பி அவளை மேசைக்குத் திரும்ப அழைத்தார். மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. “இப்பக் கை பரவால்லீங்களா?” என்று மட்டும் கேட்டார். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபம் அப்படியே இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் தெய்வாத்தாளுக்குப் போன் செய்தாள். தெய்வாத்தாள் அவள் பக்கத்து மேசையில் இருந்தவள். கை மரத்துப் போகிறது என்றே வைகாசியில் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கொமரலிங்கத்துக்குப் போய்விட்டாள். சித்ராதேவி எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் தெய்வாத்தாள் குரலை உயர்த்தினாள். “அப்ப என்ற கை கெட்டுப் போகலீங்களா அக்கா? இங்க வந்த ரெண்டே வாரத்துல சரியாப் போச்சு. காத்து மாறுனதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

அதற்குப் பிறகு சித்ராதேவி சும்மா இருக்கவில்லை. மதிய இடைவேளையில் டேப்போடு சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனாள். யாருக்கெல்லாம் விரல் மரக்கிறது என்று கேட்டாள். முதல் நாளே பத்தொன்பது கைகள் உயர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மயில்சாமி கடை முன்னால் சைக்கிள்கள் வரிசை கட்டின. சிலருக்குச் சீட்டைச் சமமாக்கியதே போதுமாக இருந்தது. இரண்டு பேருக்கு எதுவும் உதவவில்லை. அவர்கள் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள்.

கார்த்திகையில் தொழிலாளர் குழுக் கூட்டம் நடந்தது. இனி சைக்கிள் கொடுத்தால் மூன்று அளவில் கொடுக்க வேண்டும், கை மரத்து வேலை மாற்றப்பட்டவர்களைப் பழைய வேலைக்கு அழைக்க வேண்டும் என்று அவள் எழுந்து கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து, பேசியதை எழுதி வந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கும் குறிப்பேடு அவளிடம் வந்தது. அதில், ‘சைக்கிள் பராமரிப்பின் அவசியம் குறித்துத் தொழிலாளர்களுக்கு எடுத்துரைக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது.

அவள் இரண்டு முறை படித்தாள்.

“நான் கேட்டது இது இல்லை. கேட்டதை எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன்.”

“ஃபார்மாலிட்டிதானுங்க” என்றார் சசிகுமார்.

பேனாவை மூடி அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். குறிப்பேட்டை இன்னும் மூன்று முறை அனுப்பினார்கள். மூன்று முறையும் கையெழுத்துப் போடாமல் அப்படியே திருப்பி அனுப்பினாள்.