எல்லாம் மறந்த மச்சான்

தலையில் ஒரு கல் பட்டால் கதாநாயகன் பெண்டாட்டியை மறந்துவிடுவான். இன்னொரு கல் பட்டால் நினைவு திரும்பிவிடும். ஐம்பதுகளின் கடைசியில் மட்டக்களப்புத் தியேட்டரில் அப்படி ஒரு படம் ஓடியது. எங்கள் ஊரே பஸ் ஏறிப் போய் அழுதுவிட்டு வந்தது. எனக்குக் கொட்டாவிதான் வந்தது. அவனுக்குப் பாட மறக்கவில்லை, தலை வார மறக்கவில்லை, கட்டியவள் மட்டும் மறந்துபோனாளாம்.

அந்த நாட்களில்தான் அக்காவின் புருஷன் திரும்பி வந்தார். கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுக் கல்லோயாப் பக்கம் காடு வெட்டப் போனவர். அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று வாவிக்கரைக்கு வரும் மீன் வியாபாரிகள் சொல்லியிருந்தார்கள். வந்தவரின் கதையோ வேறு. தலையில் மரக்கொப்பு விழுந்ததாம். பெயர், ஊர், பெற்ற தாய், எல்லாம் மறந்துபோயிற்றாம். கால்கள்தான் இந்த வாசலுக்குக் கூட்டிவந்தனவாம். கேட்கிறவன் கேனையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும்.

ஊரார் கேனையராக இருக்கத் தயாராகவே இருந்தார்கள். படம் பார்த்து அழுத கண் இன்னும் காயவில்லையே. பாவம், சேர்த்துக்கொள் என்று அக்காவை நெருக்கினார்கள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனம்; புருஷன் அங்கே வந்து இருப்பவன். ஆகவே உள்ளே விடுவதா இல்லையா என்பதை அக்காதான் சொல்ல வேண்டும். அவருடைய தாய் வீடும் தங்கைக்குச் சீதனமாகப் போய்விட்டதால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. கோயில் திருவிழா முடியட்டும் என்றாள் அக்கா. அதுவரை விறாந்தையில் படுத்துக்கொண்டு போட்டதையெல்லாம் தின்றார். சாப்பிடவும் அவருக்கு மறக்கவில்லை.

திருவிழாவின் கடைசி நாளில் குடி கூறுவார்கள். தாய் வழியாக வரும் வம்சங்களான குடிகளை வரிசைப்படி கூப்பிட்டு வெற்றிலையும் பிரசாதமும் கொடுப்பது வழக்கம். வரிசை பிசகினால் அடிதடிதான். அந்த முறை கூப்பிட்டவர் புதியவர். ஒரு குடியைத் தவறவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டுவிட்டார்.

பெற்ற தாயையே மறந்த மச்சான் துள்ளி எழும்பினார்.

"எங்கட குடி இரிக்கக்குள்ள அவங்களுக்கு எப்பிடி முதல்ல குடுப்பீங்க?"

கோயிலே அவரைத் திரும்பிப் பார்த்தது. இனி அவருக்குத் தப்ப வழியில்லை என்று நினைத்தேன். எங்கள் சனத்தின் மூளையை நான்தான் கூடுதலாக மதித்துவிட்டேன். சாமி நினைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட, மற்றவர்களும் கும்பிட்டார்கள். மச்சானும் அதையே பிடித்துக்கொண்டார். அக்காவின் முன்னால் வந்து, எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்தார். இவ்வளவு காலமும் யாரோடு இருந்தீர்கள் என்று அக்கா கேட்டாள். அது மட்டும் நினைவில்லை என்றார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"என்னை மறந்தீங்க, புள்ளைய மறந்தீங்க, உங்கட அம்மாட குடிய மட்டும் மறக்கல்ல. அப்ப அம்மாட வீட்டயே போய் இரிங்க."

அவர் போனார். தாய் வீட்டுக்கு எது வழி என்று ஒருவரையும் கேட்கவில்லை.